கேந்திப்பூவால் கட்டிய சந்து

தாதர் பூ மார்க்கெட்டிலிருந்து மாட்டுங்கா வரை தலையில் கூடையோடு நடந்தே வந்தவன் நான். நடைபாதையில் சாக்கு விரித்து, போலீஸ்காரர் வந்தால் சுருட்டி, போனால் விரித்து, பிறகு அதே நடைபாதைக்கு எதிரில் கடை எடுத்தவன். மழையில் ரயில் நின்று பாதி ஊர் முழங்கால் தண்ணீரில் கிடந்த நாளிலும், செம்பூரில் ஒரு கல்யாணத்துக்கு முகூர்த்தத்துக்கு முன்னால் மாலையைக் கொண்டு சேர்த்தவன். தாராவியில் தகரக் கூரையாக இருந்த வீட்டுக்கு மாடி எடுத்தவன். மூன்றாம் வகுப்போடு நின்றவன், மகனை இன்ஜினியர் ஆக்கினவன். இன்றைக்கும் மாட்டுங்காவிலோ நெருளிலோ கல்யாண மேடையைப் பார்த்ததும் ‘இது இசக்கிமுத்து கை’ என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் எதற்கு முதலிலேயே சொல்கிறேன் என்றால், கழுத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவன் பல வருஷம் கழித்து எப்படி இருப்பான் என்று தெரிந்துகொள்ளத்தான் நீங்கள் இதைப் படிக்கிறீர்கள். முன்னால் எப்படி இருந்தான் என்று தெரியாமல், பின்னால் எப்படி இருக்கிறான் என்பது விளங்காது. உங்களுக்கும் இதே வியாதி என்று டாக்டர் சொல்லியிருந்தால், உங்கள் பட்டியலையும் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். தெம்பு வரும்.

என் வியாதியின் பெயர் கழுத்துத் தண்டுவட அழுத்தம் (கழுத்தெலும்பு தேய்ந்து, நடுவில் இருக்கிற வட்டு பிதுங்கி, மூளையிலிருந்து கை கால்களுக்கு இறங்கும் தண்டுவடத்தை நெருக்குவது). இதில் வலி பெரிதாக இருக்காது. அதுதான் இதன் சூது. வலித்திருந்தால் முதல் மாதமே ஓடியிருப்பேன்.

எனக்கு முதலில் விரல்தான் மரத்தது. பூக்காரனுக்கு விரல் மரக்காமல் இருக்குமா? ஐஸ் போட்ட பெட்டிக்குள் விடிகாலையில் கையை விட்டு மல்லிகையை அள்ளுகிறவன் எவனைக் கேட்டாலும் ‘ஆமா, மரத்துத்தான் கெடக்கு’ என்பான். நானும் அப்படியே நினைத்தேன். சூடான டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். முன்பெல்லாம் டீ பாதி இறங்குவதற்குள் உணர்ச்சி வந்துவிடும். பிறகு டீ முடிந்தும் வரவில்லை. ஐஸைத்தான் திட்டினேன்.

அடுத்து கட்டு நழுவியது. பூக்கட்டு என்பது அளவு பார்த்து இழுக்கிற வேலை. நாரை இறுக்கினால் காம்பு அறும், தளர்த்தினால் பூ உதிரும். அந்த அளவு விரல் நுனியில் இருக்கிறது, கண்ணில் இல்லை. நான் கட்டின சரம் வாடிக்கையாளர் கையில் கொடுக்கும்போதே இரண்டு பூ கீழே விழும். நார் சரியில்லை என்று ஊரிலிருந்து வேறு நார்க்கட்டு வரவழைத்தேன். அதிலும் விழுந்தது.

மாலை கட்டக் குனிந்தால் பிடரியிலிருந்து முதுகு வழியாக இடுப்பு வரை கரண்ட் ஓடும். தலை நிமிர்ந்தால் நின்றுவிடும். சலூனில் கழுத்தைப் பிடித்துத் திருப்பி ‘டக்’ என்று சொடக்கு எடுப்பார்கள் அல்லவா, அதையும் எடுத்துக்கொண்டேன், ஒரு தடவை இல்லை, பல தடவை. டாக்டர் பின்னால் இதைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். உங்களுக்குக் கை மரத்திருந்தால் தயவுசெய்து யார் கையிலும் கழுத்தைக் கொடுக்காதீர்கள்.

பிறகு செருப்பு. ஒரு நாள் மாட்டுங்கா ரயில் பாலம் ஏறி இறங்கிக் கடைக்கு வந்து நிற்கிறேன். என் வீட்டுக்காரி சொர்ணம் கடையில் உட்கார்ந்து பிச்சிப்பூ தொடுத்துக்கொண்டிருந்தாள். என் காலைப் பார்த்தாள்.

“ஏங்க, ஒத்தச் செருப்போட எங்க போயிட்டு வாரிய?”

இடது காலில் செருப்பு இல்லை.

“கூட்டத்துல எவனாவது மிதிச்சிருப்பான்.”

“மிதிச்சாத் தெரியாதா? அம்புட்டுத் தூரம் வெறுங்காலா நடந்திருக்கிய, தார் ரோடு சுடலையா?”

சுடவில்லை. அது தெரிந்தபோதுதான் வைத்தியம் பார்க்கக் கிளம்பினேன். எங்கள் பக்கத்துக் கிளினிக்கில் சுகர் பார்த்தார்கள். கொஞ்சம் கூடுதல் இருந்தது. ‘சுகர் நரம்பைத் தின்னுது’ என்று மாத்திரை கொடுத்தார்கள். சுகர் குறைந்தது. செருப்பு கழன்றுகொண்டேதான் இருந்தது.

இனி சொல்லப் போவதைக் கவனியுங்கள். என் நடை கெட்டுப்போய் எத்தனையோ மாதம் ஆகியிருக்கிறது. எனக்கும் தெரியவில்லை, பார்க்கிற யாருக்கும் தெரியவில்லை. காரணம் எங்கள் சந்து.

தாராவியில் எங்கள் வீட்டுக்குப் போகிற சந்தில் இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் வாசலுக்குள் ஒதுங்க வேண்டும். பகலிலும் இருட்டு, கீழே சாக்கடை மூடிக் கல் ஆடும். அதனால் எல்லோரும் இரண்டு கையையும் லேசாக விரித்து இரண்டு சுவரையும் தடவிக்கொண்டேதான் நடப்போம். புருஷன், பெண்டாட்டி, பிள்ளை, தபால்காரர், எல்லோருக்கும் அதே நடைதான். நான் தள்ளாடினால் சுவர் என்னைத் தூக்கி நிறுத்திவிடும். சந்தைத் தாண்டினால் ரயில் கூட்டம், நாலு பக்கமும் ஆள். விழ நினைத்தாலும் இடம் கிடையாது. விழுவதற்கு ஒரு இடம் எனக்கு ஆஸ்பத்திரியில்தான் கிடைத்தது.

அன்றைக்கு நான் நோயாளி இல்லை. சொர்ணத்துக்குக் கண்ணில் புரை. ஆபரேஷன் முடிந்து ஒரு கண்ணில் கட்டோடு அவளை வார்டிலிருந்து கூட்டிக்கொண்டு வருகிறேன். அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரம் ஒரு லாரி போகிற அகலம். பளிங்குத் தரை. நடுவில் நான். சுவர் இரண்டும் எங்கேயோ இருக்கிறது. கையை விரித்தால் காற்றுதான்.

கால் என் பேச்சைக் கேட்கவில்லை. குடித்தவன் மாதிரி ஒரு பக்கமாகப் போய், அதைச் சரிக்கட்ட மறுபக்கம் போய், நின்றுவிட்டேன். வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு நர்ஸம்மா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்.

“பைட்டோ பாபா, பைட்டோ!” என்று என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

சொர்ணம் ஒற்றைக் கண்ணால் முறைத்தாள். “எம்மா, பேஷண்ட் நான்லா! அவரு என்னைக் கூட்டிட்டுப் போக வந்தவரு.”

நர்ஸுக்குத் தமிழ் புரியவில்லை. கண்ணில் கட்டுப் போட்டவள் பக்கத்தில் நடக்க, கூட்டிப் போக வந்தவன் நாற்காலியில் போனேன். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் என்னைத்தான் பாவமாகப் பார்த்தார்கள். பம்பாயில் நான் அப்படி ஒரு பார்வையை அதுவரை யாரிடமும் வாங்கினது இல்லை.

என் தள்ளாட்டத்தைப் பார்த்திருந்த நர்ஸம்மா நாற்காலியை நேராகத் தண்டுவட டாக்டர் அறைக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். டாக்டர் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். மெதுவான பேச்சு, ‘வாங்கோ, போங்கோ’ என்று.

“கையைத் தளர்த்தி வையுங்கோ” என்று என் நடுவிரல் நகத்தை ஒரு சுண்டு சுண்டினார். என் பெருவிரல் தானாக மடங்கித் துள்ளியது. மறுபடி சுண்டினார், மறுபடி துள்ளியது.

“நல்லாத்தான துள்ளுது?” என்றேன்.

“அது துள்ளப்படாது.”

விரலை வேகமாக மூடித் திறக்கச் சொன்னார். சரம் தொடுக்கிற விரல்! மூடினது திறக்க யோசித்தது. பிறகு எம்.ஆர்.ஐ. (காந்தத்தால் உடம்புக்குள்ளே படம் எடுப்பது). படத்தில் தண்டுவடம் சாம்பல் நிறக் கயிறு மாதிரி வந்து, கழுத்து நடுவில் நசுங்கி, அந்த இடத்தில் மட்டும் வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளை, நசுங்கி நசுங்கிப் புண்ணான இடமாம்.

“உங்க ஏரியா சந்து மாதிரி நினைச்சுக்கோங்கோ. ரெண்டு பக்கமும் வீட்டுக்காரா தள்ளித் தள்ளிக் கட்டிண்டு வந்துட்டா. நடுவுல போற பைப் நசுங்கறது.”

“சந்துன்னா எனக்குத் தெரியும் சார். யாரு வீட்ட இடிக்கணும்?”

டாக்டர் சிரித்தார். இடிக்க வேண்டாமாம். லேமினோபிளாஸ்டி (கழுத்தெலும்பின் பின்பக்க வளைவை ஒரு பக்கம் வெட்டி, மறுபக்கம் கீல் மாதிரி வைத்து, கதவு திறப்பது போலத் திறந்து, சின்னத் தகடு முடுக்கி நிறுத்திவிடுவது). கதவு திறந்தால் தண்டுவடம் பின்னால் நகர்ந்து மூச்சு விடும்.

“செஞ்சா எல்லாம் திரும்பிருமா?”

“இதுக்கு மேல மோசமாகாம இருக்கத்தான் முக்கியமாப் பண்றோம். திரும்பறது எவ்வளவுன்னு சொல்ல முடியாது. சிலருக்கு நிறைய, சிலருக்குக் கொஞ்சம்.”

இந்த வயது வரை ஒரு விலையைச் சொன்னபடி ஒத்துக்கொண்டவன் இல்லை நான். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டேன்.

“சரி சார். நடைய முழுசாத் தந்துருங்க. விரல்ல வேணும்னா கொஞ்சம் கொறச்சுக்கிடுதேன்.”

“இது பேரம் இல்லை, இசக்கிமுத்து.”

“செவ்வந்தி, கேந்தி கட்டுத அளவுக்கு விரல் போதும். மல்லிய விட்டுக்கொடுத்திருதேன். ஆனா நடை கொறையக் கூடாது.”

படம் எடுக்கிற அன்றைக்குக் கூட வந்திருந்த மகன் செல்வம் என் முழங்கையை இழுத்தான். “எப்பா, சும்மா இருங்கப்பா. டாக்டர்கிட்டப் போயி பேரம் பேசுதிய.” அவன் நவி மும்பைப் பக்கம் நெருளில் பெரிய கட்டடத்தில் குடியிருக்கிறவன். விலை ஒட்டின கடையில்தான் சாமான் வாங்குவான்.

டாக்டர் என்னை நேராகப் பார்த்தார். “உங்களுக்கு எதுக்கு நடை? எங்க நடந்து போணும்?”

நல்ல கேள்வி. நான் யோசிக்கவே இல்லை. “மாட்டுங்கா ஸ்டேஷன்ல எறங்கி, பாலம் ஏறி, எவனும் பிடிக்காம, எந்தச் சுவத்தையும் தொடாம என் கடைக்கு நானே போவணும். அவ்வளவுதான்.”

இதைப் படிக்கிற உங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கும். ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு அதற்கப்புறம் எல்லாமே அந்தப் பாலம்தான்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, தூங்கிக்கொண்டிருந்தேன். கண் விழித்ததும் முதலில் விரலைப் பார்த்தேன். உள்ளங்கையில் எறும்பு ஊர்கிற மாதிரி உணர்ச்சி. அழுகை வந்தது. அதற்குப் பிறகு வலது கையைத் தூக்கினேன். எழும்பவில்லை. முழங்கை மடங்குகிறது, விரல் ஆடுகிறது, தோள் மட்டும் செத்த மாதிரி தொங்குகிறது.

டாக்டர் வந்ததும் பிடித்துக்கொண்டேன். “கால் கேட்டேன், கையை எடுத்துக்கிட்டிய!”

அதற்குச் சி-ஐந்து வாதம் என்று பெயர் (கழுத்தின் ஐந்தாவது நரம்பு, ஆபரேஷனுக்குப் பிறகு சோர்ந்து, தோளைத் தூக்க முடியாமல் போவது). சிலருக்கு வரும், பெரும்பாலும் சில மாதங்களில் திரும்பிவிடும் என்றார். முன்னாலேயே சொன்னாராம். சொல்லியிருப்பார். நான் பேரத்தில் இருந்தேன்.

அந்த மாதங்கள்தான் மோசம். கழுத்தில் பட்டை. படுத்தால் எழ வேண்டும், எழுந்தால் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் கடைக்குப் போக வேண்டும். பிடரி முழுக்கக் கல் வைத்துத் தைத்த மாதிரி இறுக்கம். மூத்திரம் வந்தால் அடக்க முடியாது. எங்கள் பகுதிப் பொதுக் கழிப்பறைக்குப் போவதற்குள் பாதி நாள் அவமானம். இதை எழுத வேண்டாம் என்று செல்வம் சொன்னான். உங்களுக்கும் அது இருந்தால், உங்களுக்கு மட்டும் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள் என்பதற்காக எழுதுகிறேன். எனக்கு அது ஒரு வருஷத்தில் பெரிதும் சரியானது, முழுசாக இல்லை.

சொர்ணம் ஒரு நாள் சொன்னாள்: “கூண்டுல போட்ட பூனைகூடக் கொஞ்ச நேரம் படுக்கும். நீங்க படுக்கவே மாட்டிய.”

பிசியோதெரபி (உடற்பயிற்சியால் கை காலைப் பழக்குவது) செய்கிற பெண் மனீஷா. மராத்திக்காரி, என்னைக் ‘காகா’ (சித்தப்பா) என்று கூப்பிடும். ஓட்டை போட்ட பலகையில் சின்னச் சின்னக் குச்சியைச் சொருகச் சொன்னது. ஒரு தடவை சொருகினேன். மறுநாள் வீட்டிலிருந்து வாழைநாரும் ஒரு பை செவ்வந்தியும் கொண்டுபோய்க் குச்சிப் பலகை மேல் கொட்டினேன். “இதக் கட்டுதேன், எண்ணிக்கோ” என்றேன். முதல் வாரம் கட்டினது எல்லாம் அவிழ்ந்தது. பிறகு நின்றது. அந்த அறையில் மருந்து வாடை போய்ப் பூ வாடை வந்தது. தோளும் மெதுவாக வந்தது. முதலில் மேஜை உயரம், பிறகு என் நெஞ்சு உயரம், அப்புறம் சாமி படத்துக்கு மாலை போடுகிற உயரம்.

நடை மட்டும் எனக்கு ஆச்சரியமாகச் சீக்கிரம் வந்துவிட்டது. சந்தில் விறுவிறு என்று நடந்தேன். செல்வம் போனில் படம் பிடித்தான். பெருமையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டினோம். அவர் ஒரு தடவை பார்த்தார். திரும்ப ஓட்டிப் பார்த்தார்.

“உங்க ரெண்டு கையும் எங்க இருக்கு பாருங்கோ.”

இரண்டு கையும் சுவரில் இருந்தது.

“தாழ்வாரத்துல நடங்கோ.”

நடந்தேன். நடுவில் நின்றுவிட்டேன். அதே தாழ்வாரம், அதே பளிங்கு. மனீஷா பின்னால் நின்று “காகா, தீவார் நஹீ” என்றது. சுவர் கூடாது. இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி பதித்த இடத்தில் என்னை நடக்க விட்டது. கம்பிக்குள் நன்றாக நடந்தேன். வெளியே வந்தால் பழைய கதை. கம்பியும் சுவர்தானே. கை சாய்கிறது, கால் அதை நம்பிச் சோம்பேறி ஆகிறது. இது டாக்டருக்கும் மனீஷாவுக்கும் தெரியாமல் இல்லை. கம்பியிலிருந்து வெளியே எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை.

இங்கேதான் நான் வருகிறேன்.

செம்பூரில் ஒரு கல்யாண மண்டபம். காலை வேலை. நான் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை. வாசலிலிருந்து மேடை வரை மாப்பிள்ளை நடந்து வரும் வழியில், இரண்டு பக்கமும் மணல் நிரப்பின டின்னில் மூங்கில் நட்டு, இடுப்பு உயரத்தில் கேந்திப்பூத் தோரணம் இழுத்துக் கட்டியிருந்தார்கள் எங்கள் ஆட்கள். கேந்தியை, அதாவது செண்டுமல்லியை, இங்கே ஜெண்டு என்பார்கள். அதைப் பார்த்தபடியே இருந்தேன். பார்க்கப் பார்க்க அது எங்கள் சந்து. ஒரே வித்தியாசம், இந்தச் சுவரில் சாய முடியாது. சாய்ந்தால் அறும்.

எழுந்து அதற்குள் போனேன். இரண்டு கையும் பூ மேல். நாலு எட்டு வைத்திருப்பேன், உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது, தோரணம் அறுந்தது, உதிரிப்பூக் குவியல் மேல் போய் விழுந்தேன்.

எங்கள் ஆள் பால்பாண்டி ஓடி வந்து தூக்கினான். வாய் சும்மா இருக்காது அவனுக்கு. “அண்ணாச்சி, மாப்பிள்ளை வாரதுக்கு முன்னாடி நீங்க விழுந்துட்டியளே. அவன் இனிமேத்தான விழணும்!”

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். அறுந்ததைத் திரும்பக் கட்டச் சொன்னேன்.

செல்வத்துக்குத் தகவல் போய் அன்றைக்கே வந்துவிட்டான். “அரே, என்னப்பா இது? தலைகீழா விழுந்து கழுத்துத் தகடு ஒடிஞ்சா? வேணும்னா வீட்டுல ரெண்டு பக்கமும் ஸ்டீல் கம்பி வச்சுத் தாரேன்.”

“கம்பின்னா சாஞ்சிருவேன்ல. பூவுல சாய முடியாதுலா. அதான் வேணும்.”

அவன் ஒரு மூங்கிலை ஆட்டிப் பார்த்து, டின்னில் மணலை இறுக்கினான். அது அடிக்கடி நடப்பதில்லை.

அப்புறம் மண்டபம் கிடைத்த காலை எல்லாம் அதுதான். எனக்குப் பின்னால் சொர்ணம் ஒரு நாற்காலியைத் தள்ளிக்கொண்டே வருவாள், பக்கத்தில் பால்பாண்டி. இதைச் செய்ய நினைக்கிறவர்கள் தனியாகச் செய்யாதீர்கள், அழுத்திச் சொல்கிறேன். முதலில் கை முழுக்கப் பூ மேல். பிறகு விரல் மட்டும். பூ அசைந்தால் நான் சாய்கிறேன் என்று அர்த்தம். அசைவதற்கு முன்னால் காலைச் சரிசெய்யப் பழகினேன். அது பழகினதும் மூங்கிலைக் கொஞ்சம் தள்ளி நட்டோம். இன்னும் தள்ளி. கடைசியில் கையை விரித்தாலும் தோரணம் எட்டவில்லை. இருக்கிறது என்று தெரியும், தொட வேண்டியதில்லை. அப்புறம் ஒரு பக்கத் தோரணத்தை எடுத்தோம். அப்புறம் இரண்டையும்.

மனீஷா கேள்விப்பட்டு ஒரு நாள் மண்டபத்துக்கே வந்து பார்த்தது. கன்னத்தில் கை வைத்துக்கொண்டது. “காகா, ஆப் தோ டாக்டர் நிக்லே” என்றது. நான் டாக்டர் ஆகிவிட்டேனாம். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனால், அதே தாழ்வாரத்தில் இரண்டு பக்கமும் சிவப்புத் துணி நாடா கட்டி ஒரு பெரியம்மாவை நடக்க வைத்துக்கொண்டிருக்கிறது. அந்த அம்மா கடைசி வரை நடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் டாக்டர் அறைக்குப் போனேன்.

அந்த வருஷ மழை முடிந்தபின் ஒரு காலையில் மாட்டுங்கா ஸ்டேஷனில் இறங்கினேன். செல்வம் கூட வந்தான், கீழேயே நிறுத்திவிட்டேன். பாலம் ஏறினேன். கைப்பிடிச் சுவரைத் தொடவில்லை. நடுவிலேயே போனேன். பின்னால் வந்தவர்கள் ‘சலோ சலோ’ என்று திட்டினார்கள். திட்டட்டும். கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். சொர்ணம் முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். இரண்டு செருப்பும் இருந்தது.

இதோடு முடிந்தது என்று எழுதினால் அது பொய். இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு யாரும் சொல்லாத விஷயம், அதற்குப் பின்னால் வருகிற நீளமான வருஷங்கள்.

திரும்ப வருவது பெரும்பாலும் முதல் ஒரு வருஷத்தில் வந்துவிடுகிறது. அதற்கப்புறம் நின்றுவிடுகிறது. எனக்கு நடை வந்தது. செவ்வந்தியும் கேந்தியும் வந்தது. மல்லிகை வரவில்லை. பேரத்தில் நானே விட்டுக்கொடுத்ததுதானே என்று சொர்ணம் கேலி செய்வாள். ஆனால் அவள் மல்லிகை தொடுக்கும்போது என் விரல் தானாக மடியில் அசையும். கழுத்து முழுசாகத் திரும்பாது. மேடையின் உச்சியைப் பார்க்க நாலடி பின்னால் போக வேண்டும், யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்ப வேண்டும். புதிதாகப் பார்க்கிறவர்கள் ‘அண்ணாச்சிக்கு என்ன மிடுக்கு’ என்கிறார்கள். நான் திருத்துவதில்லை. குளிர் வந்தால் பிடரி கனக்கும். தலையில் சும்மாடு வைத்துக் கூடை தூக்குவது இனி இந்தப் பிறவியில் கிடையாது. டாக்டர் அந்தக் கூடையைத்தான் ஒரு காரணம் என்கிறார். இருக்கலாம். அந்தக் கூடை இல்லாவிட்டால் கடையும் இல்லை.

நல்ல வருஷங்கள் பல போயின. செல்வம் நெருளுக்கு வந்துவிடச் சொல்லிக்கொண்டே இருந்தான். அகல ரோடு, லிஃப்ட், காற்று. போய் இருப்பேன், வருவேன். அங்கே ஒரு சாயங்காலம், நடுரோட்டில், இடது கால் லேசாக இருந்தது. கழுத்து திரும்பாததால் உடம்போடு திரும்பிப் பார்த்தேன். செருப்பு பின்னால் கிடந்தது.

அன்றைக்கு வந்த பயம் ஆபரேஷனுக்கு முன்னால் வந்ததைவிடப் பெரிது. அப்போது தெரியாமல் பயந்தேன். இப்போது தெரிந்து பயந்தேன்.

மறுபடி எம்.ஆர்.ஐ. டாக்டருக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“நான் திறந்த கதவு திறந்தேதான் இருக்கு. தண்டுவடத்துக்கு இடம் இருக்கு. பழைய வெள்ளைத் தழும்பு அப்படியே. இடுப்புல கொஞ்சம் நெருக்கம் ஆரம்பிச்சிருக்கு. வயசும் ஆறது.”

“அப்ப?”

“பாப்போம்.”

இந்த ‘பாப்போம்’ என்ற சொல்லோடுதான் இப்போது குடித்தனம். காலையில் எழுந்ததும் கட்டிலில் உட்கார்ந்தபடி விரலை மூடித் திறக்கிறேன். செருப்பைக் கால் விரலால் கவ்விப் பார்க்கிறேன். அதன் பிறகுதான் அன்றைக்கு என்ன கிழமை என்ற நினைப்பே. முன்பு ரயில் நேரம் தெரியும், முகூர்த்த நேரம் தெரியும். இப்போது கவ்வுகிற நாள், கவ்வாத நாள் என்று இரண்டுதான். கவ்வாத நாளில் பால்பாண்டிக்குப் போன் போகும்: “எந்த மண்டபம்? மூங்கில நட்டு வையி.” தோரணத்துக்குள் மறுபடி நடக்கிறேன். இந்தத் தடவையும் கால் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கிறது. நேற்று மாட்டுங்காப் பாலத்தை நடுவாக்கில் கடந்தேன். நாளைக்குத் தெரியாது.

போன மாதம் அந்த ஆஸ்பத்திரியில், பல வருஷம் முன்னால் இதே ஆபரேஷன் செய்துகொண்டவர்களை எல்லாம் கூப்பிட்டு ஒரு கூட்டம் வைத்தார்கள். டாக்டர் திரையில் படம் போட்டுப் பேசினார். யாருக்கு எவ்வளவு திரும்பியது, எது நின்றது என்று நன்றாகத்தான் சொன்னார். பிறகு சிவப்பு நாடா கட்டின தாழ்வாரத்தைக் காட்டி, “இது எங்க டிபார்ட்மெண்ட் டெவலப் பண்ணின நடைப் பயிற்சி” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். மனீஷா எப்போதோ வேறு ஊருக்குக் கல்யாணமாகிப் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குள் எனக்குச் சாட்சி சொல்ல ஆள் இல்லை.

நான் எழுந்தேன். உடம்போடு திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தேன்.

“அது என்னோடது சார்.”

டாக்டர் தலையசைத்தார். “நீங்க நிறைய ஒத்துழைச்சேள், இசக்கிமுத்து.”

“ஒத்துழைக்கலை. நான் கண்டுபிடிச்சேன். செம்பூர் மண்டபத்துல, கேந்திப்பூவுல. நாடா பொறவுதான் வந்துச்சு.”

சொர்ணம் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். “உக்காருங்க. உயிரக் காப்பாத்துன மனுசன்கிட்டப் போயி…”

“உயிரக் காப்பாத்துனதுக்கு ஆயுசுக்கும் கும்பிடுதேன். இது வேற.”

கூட்டம் முடிந்ததும் டாக்டர் என்னிடம் வந்து, நோயாளி பெயரை வெளியில் போடக்கூடாது என்பது விதி என்றார். விதி எனக்குப் பாதுகாப்பாம். கோபமாகச் சொல்லவில்லை, தோளில் கை வைத்துத்தான் சொன்னார். எனக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்றேன். ‘பாப்போம்’ என்றார்.

அதனால் இங்கே எழுதுகிறேன். கதவைத் திறந்தவர் அவர். அது இல்லாமல் நான் இன்றைக்குச் சக்கர நாற்காலியில். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, உங்களுக்கும் வேண்டாம். டாக்டர் செய்யச் சொன்னால் தள்ளிப்போடாமல் செய்துகொள்ளுங்கள். ஆனால் திறந்த கதவுக்கு வெளியே நடந்தவன் நான். அந்தத் தாழ்வாரத்துச் சுவரில் சிவப்பு நாடாப் பயிற்சிக்கு ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். அதில் டிபார்ட்மெண்ட் பெயர் இருக்கிறது. அதன் கீழே இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது, நான் பார்த்துவிட்டேன். ‘இதைக் கண்டுபிடித்தவர் பூக்கடை இசக்கிமுத்து, தாராவி’ என்று தமிழிலும் எழுத வேண்டும். எனக்கு மற்ற எழுத்து தெரியாது.

சீக்கிரம் எழுதுங்கள், டாக்டர் சார். அந்த அகலமான தாழ்வாரத்தில், எந்தச் சுவரையும் தொடாமல், பலகை வரை நானே நடந்து வந்து அதை என் கண்ணாலேயே படிக்க வேண்டும். என் கால் எத்தனை நாளைக்குப் பொறுக்கும் என்று உங்களாலும் சொல்ல முடியவில்லை.